இசைத் துறையில் கற்றதை நம் நகரத்துக்குத் திருப்பிக் கொடுப்பது எப்படி? உங்கள் யோசனைகள் வேண்டும்

தூரத்துச்சுரம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. என் வேலைக்காலம் முழுக்க இசை நிறுவனங்களில்தான் போனது. ஒப்பந்தம், வெளியீடு, விநியோகம், கச்சேரி ஏற்பாடு என்று எல்லாப் பக்கமும் இருந்திருக்கிறேன். இப்போது வளர்ந்த நகரத்துக்கே திரும்பிவிட்டேன். இந்த ஊர் மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம். எனக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்ததே இந்த ஊர்தான்.

இங்கே நன்றாகப் பாடுகிற, வாசிக்கிற இளைஞர்கள் நிறைய இருக்கிறார்கள். கொஞ்சம் பெயர் வந்ததும் பெட்டி கட்டிவிடுகிறார்கள், ஏனென்றால் இந்தத் தொழிலுக்குத் தேவையான எதுவும் ஊரில் இல்லை. இதற்கு என்னால் ஏதாவது செய்ய முடியும் என்று நம்புகிறேன். முதலில் தோன்றியது, ஆண்டுக்கு ஒரு பெரிய இசை விழா. அழைத்தால் வரக்கூடிய பெரிய பெயர்கள் சிலர் எனக்குப் பழக்கம். ஊரின் பெயர் வெளியே தெரியும், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் மேடை கிடைக்கும். மேடையிலும் மேடைக்குப் பின்னாலும் இருந்தவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

கன்சோல்காரன்

வாழ்த்துகள் அண்ணா. இப்படி யோசிக்கிறவர்கள் குறைவு.

விழா வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நான் பிழைப்பதே விழாக்களில்தான். ஆனால் மறுநாள் காலை என்ன நடக்கும் என்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவன் நான். ஸ்பீக்கர், லைட், மேடை, கேபிள் எல்லாம் வாடகை லாரியில் ஏறிவிடும். ஊரில் மிஞ்சுவது புகைப்படங்கள்தான். விழாவுக்கு முந்தின நாள் ஒத்திகைக்கு இடமில்லாமல் தவித்த பிள்ளைகளுக்கு, அடுத்த நாளும் இடம் இருக்காது.

உங்கள் ஊரில் ஒரு சமுதாயக் கூடமோ பள்ளி அரங்கமோ இருக்கும்தானே? போய் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். சத்தம் அடங்க மூன்று விநாடி ஆனால், அங்கே எவ்வளவு நல்ல பாடகர் பாடினாலும் வார்த்தை புரியாது. மக்கள் பாடகரைக் குறை சொல்வார்கள், பாடகர் மைக்கைக் குறை சொல்வார், மைக்செட்காரர் சத்தத்தைக் கூட்டுவார். கூட்டினால் இன்னும் குழம்பும்.

இதற்குக் கணக்கு உண்டு. 15 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம் என்றால் கொள்ளளவு 900 கன மீட்டர். சபீன் சூத்திரப்படி 0.161ஐ 900 ஆல் பெருக்கி, அறையின் மொத்த ஒலி உறிஞ்சலால் வகுத்தால் எதிரொலி அடங்கும் நேரம் கிடைக்கும். மூன்று விநாடி என்றால் அறை உறிஞ்சுவது சுமார் 48 சதுர மீட்டருக்குச் சமம். ஒன்றரை விநாடிக்குக் கொண்டுவர அதை இரட்டிப்பாக்க வேண்டும். மரச்சட்டத்தில் 10 செ.மீ. தடிமனுக்கு ராக்வுல் (பாறையை உருக்கிச் செய்த, தீப்பிடிக்காத கம்பளி) வைத்துத் துணி போர்த்திய பலகைகள் சுமார் 55 சதுர மீட்டர் போதும். இரண்டு நீளச் சுவர்களில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஊர்த் தச்சரும் தையல்காரரும் சேர்ந்து முடித்துவிடலாம்.

இதில் ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். முட்டை அட்டை, சோஃபா பஞ்சு எதையும் ஒட்டவே கூடாது. 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் என்ற இசை விடுதியில், மேடை வாணவேடிக்கையின் பொறி சுவரில் ஒட்டியிருந்த பஞ்சில் பிடித்து 100 பேர் இறந்தார்கள். தீப்பிடிக்காத பொருள்தான் வேண்டும், துணியும் உட்பட.

ஒரு கூடத்தை இப்படிச் சரிசெய்து கொடுத்தால், அங்கே நடக்கும் ஒவ்வொரு பள்ளி விழாவிலும் ஒவ்வொரு ஒத்திகையிலும் உங்கள் அனுபவம் வேலை செய்துகொண்டே இருக்கும். உங்கள் பெயர் எங்கேயும் இருக்காது, அவ்வளவுதான்.

---

விழாவாசி

கன்சோல்காரன் சொல்வதில் பாதிதான் சரி என்பேன். விழாவுக்குச் சொந்தக்காரர் யார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் விழா 1970இல் தொடங்கியது. அதன் உரிமை லாப நோக்கமற்ற ஓர் அறக்கட்டளையிடம் இருக்கிறது. அந்த வருமானம் அதே நகரத்தில் பிள்ளைகளுக்கான இலவச இசைப் பள்ளிக்குப் போகிறது. ஊர் இசையை ஒலிபரப்பும் டபிள்யூ டபிள்யூ ஓ இசட் வானொலியும் அந்த அறக்கட்டளையுடையதுதான். டென்மார்க்கில் ரோஸ்கில்டே விழாவைப் பெரும்பாலும் தன்னார்வலர்களே நடத்துகிறார்கள், லாபம் முழுவதும் நன்கொடை. லாரி ஏறிப் போகிற விழாவும் இருக்கிறது, ஊரிலேயே தங்கிவிடுகிற விழாவும் இருக்கிறது.

அதனால் தூரத்துச்சுரம் சார், விழா நடத்துவதானால் முதல் காகிதத்திலேயே எழுதிவிடுங்கள்: லாபம் எங்கே போகும், நீங்கள் விலகினால் யார் கையில் போகும் என்று. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பணம் வந்தபின் அந்தப் பேச்சை யாரும் எடுக்கமாட்டார்கள்.

---

வயலின்_பின்வரிசை

நான் ஸ்டூடியோவில் வாசிப்பவள். சின்ன வயதில் என் நகரத்தில் ஒரு பெரியவர் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்திராவிட்டால் நான் இந்தப் பக்கமே வந்திருக்கமாட்டேன். அதனால் என் ஓட்டு பிள்ளைகளுக்கு.

எல்லோரும் எல் சிஸ்டெமாவைச் சொல்வார்கள். 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு கராகஸில் ஒரு சிறு கூட்டத்தை வைத்துத் தொடங்கி, வெனிசுவேலா முழுக்கப் பரவிய குழந்தைகள் இசைக்குழு இயக்கம் அது. அதன்மேல் விமர்சனங்களும் உண்டு. நான் சொல்லவந்தது அதில் வளர்ந்த இசைக்குழு நடத்துநர் குஸ்தாவோ துதமெல் அடுத்துச் செய்ததைப் பற்றி. லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மானிக் இசைக்குழுவுடன் சேர்ந்து 2007இல் யோலா என்ற இளையோர் இசைக்குழு தொடங்கியது. தொடங்கியபோது அதற்கென்று சொந்தக் கட்டடம் கிடையாது. நகராட்சியின் பொழுதுபோக்கு மையம் ஒன்றில்தான் வகுப்பு. சொந்த இடம் 2021இல்தான் வந்தது. இங்கிள்வுட்டில் ஒரு பழைய வங்கிக் கட்டடத்தை ஃபிராங்க் கெரி மாற்றி வடிவமைத்தார். முதலில் பிள்ளைகள் வந்தார்கள், ஆசிரியர்கள் நிலைத்தார்கள், கட்டடம் கடைசியில் வந்தது.

மெம்பிஸிலும் அப்படித்தான். ஸ்டாக்ஸ் ஒலிப்பதிவு நிறுவனம் எழுபதுகளில் நொடித்துப்போனது. 1989இல் கட்டடத்தையே இடித்துவிட்டார்கள். அந்த வெறும் மனை இருந்த பகுதியில் 2000இல் பிள்ளைகளுக்கான இசைப் பயிற்சியைத் தொடங்கினார்கள். அருங்காட்சியகம் திறந்தது 2003இல். பழைய பெருமைக்கு நினைவுச்சின்னம் எழுப்புவதற்கு முன்னால், உயிரோடு இருக்கிற பிள்ளைகளைப் பார்த்தார்களே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

அப்புறம் ஒரு கோரிக்கை. சொல்லிக்கொடுக்க வருகிறவர்களுக்குச் சம்பளம் கொடுங்கள். சேவை என்று சொல்லி ஆசிரியரைக் கூப்பிட்டால், நல்ல வாய்ப்பு வந்த மாதம் அவர் போய்விடுவார். நடுவில் விட்டுவிட்டுப் போகும் ஆசிரியரைவிட, ஆரம்பத்திலேயே ஆசிரியர் இல்லாதது அந்தப் பிள்ளைக்குக் குறைந்த வலி.

---

உரிமைக்கணக்கு

நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மேலே எல்லோரும் மேடை, கூடம், வகுப்பு பற்றிப் பேசினீர்கள். தூரத்துச்சுரம் அண்ணாவிடம் மட்டும் இருக்கிற சரக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. அவருக்கு ஒப்பந்தம் படிக்கத் தெரியும். வயலினும் மிக்ஸிங்கும் சொல்லித்தர எந்த ஊரிலும் யாராவது ஒருவர் கிடைப்பார். ஒப்பந்தத்தைக் கையில் வாங்கி, "தம்பி, இந்த ஏழாவது வரியில் உன் பாட்டு உன்னை விட்டுப் போகிறது" என்று சொல்ல ஆள் கிடைக்கமாட்டார்.

நான் உரிமைத் தொகைகளைக் கணக்குப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான். நான்கு நண்பர்கள் ஒரு அறையில் உட்கார்ந்து பாட்டு செய்கிறார்கள். ஒருத்தி வரி எழுதுகிறாள், ஒருவன் மெட்டுப் போடுகிறான், இன்னொருவன் தாளம் அமைக்கிறான், நான்காவது ஆள் லேப்டாப்பில் பதிவு செய்கிறான். யாருக்கு எவ்வளவு என்று பேச வெட்கம். பாட்டு ஓடாதவரை சிக்கல் இல்லை. ஓடிவிட்டால் நட்பு போகும், பணமும் போகும். பங்கு யாருக்கு எவ்வளவு என்பதில் தகராறு இருந்தால், உரிமைச் சங்கங்கள் அந்தத் தொகையை யாருக்கும் கொடுக்காமல் நிறுத்திவைத்துவிடலாம்.

இதற்கு வேண்டியது ஒரே ஒரு பக்கம். துறையில் ஸ்பிளிட் ஷீட் என்பார்கள். பாட்டின் பெயர், தேதி, ஒவ்வொருவரின் சட்டப்படியான முழுப் பெயர், யார் என்ன செய்தார், எத்தனை சதவீதம், கையெழுத்து. சதவீதம் கூட்டினால் 100 வர வேண்டும். அன்றைக்கே, அறையை விட்டு எழுந்திருக்கும் முன்பே கையெழுத்து வாங்கிவிட வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை. நான்கு பேரும் ஒரே முடிவோடு இருப்பது அந்த மாலையில்தான்.

இரண்டாவது, ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது என்பது. வரியும் மெட்டும் சேர்ந்த ஆக்கம் ஒன்று. அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொன்று, மாஸ்டர் என்கிறோமே, அது. இரண்டுக்கும் உரிமையாளர் வேறு வேறாக இருக்கலாம், பணம் வரும் வழியும் வேறு. பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி என்று 12 எழுத்து இலக்கம் கொண்ட குறியீடு, ஆக்கத்துக்கு ஐ.எஸ்.டபிள்யூ.சி. அதே பாட்டை ரீமிக்ஸ் செய்தால் பதிவுக் குறியீடு புதிது. திறமையான பலர் ஒன்றை மட்டும் பதிந்துவிட்டு, மற்றதில் வரும் பணத்தைக் கேட்காமலே இருக்கிறார்கள்.

மூன்றாவது, அட்வான்ஸ். இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். நிறுவனம் 100 ரூபாய் முன்பணம் தருகிறது, உங்கள் ராயல்டி 20 சதவீதம் என்று வையுங்கள். பாட்டு 100 ரூபாய் சம்பாதித்ததும் கடன் அடைந்துவிட்டது என்று கலைஞர் நினைக்கிறார். வழக்கமான ஒப்பந்தத்தில் அப்படியில்லை. அவருடைய 20 சதவீதத்திலிருந்துதான் முன்பணத்தைக் கழிப்பார்கள். அப்படியானால் பாட்டு 500 ரூபாய் சம்பாதித்த பிறகுதான் அடுத்த ரூபாயில் அவருக்குப் பங்கு. வீடியோ செலவு, விளம்பரச் செலவையும் அதே கணக்கில் சேர்க்க ஒப்பந்தம் அனுமதித்தால், அந்த நாள் வராமலே போகலாம்.

இதெல்லாம் ரகசியம் கிடையாது. ஆனால் பெருநகரத்தில் நாலு பேரோடு பழகினால் காதில் விழுந்துவிடும், மற்ற ஊர்களில் விழாது. பிள்ளைகள் பெட்டி கட்டிப் போவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம். திறமை ஊரிலேயே கிடைக்கிறது. திறமையைச் சோறாக மாற்றும் விவரம்தான் வெளியூரில் இருக்கிறது. அண்ணா, அந்த விவரம் உங்கள் தலையில் இருக்கிறது.

---

கன்சோல்காரன்

உரிமைக்கணக்கு எழுதியதை அப்படியே ஒட்டிக்கொள்கிறேன். கூடம் வேண்டும் என்பதில் மாற்றமில்லை, ஆனால் வரிசையில் இது முன்னால் வர வேண்டும்.

---

மாடிவீடு

நான் இசைத் துறை ஆள் இல்லை. ஒரு இசை அரங்கத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவன். ஊருக்குக் கொடுப்பது பற்றிப் பேசுகிறீர்கள், ஊரில் நாங்களும் இருக்கிறோம்.

பாட்டு சத்தம் எனக்குப் பிரச்சினை இல்லை. வார்த்தையே கேட்காது, பேஸ் மட்டும் இரவெல்லாம் சுவர் வழியாக வந்து படுக்கையை அதிரவைக்கும். புகார் கொடுத்தால் அரங்கத்தை மூடிவிடுவார்களோ என்று கொடுக்காமல் இருக்கிறேன். அங்கே என் மகளும் பாடுகிறாள். இதற்கு ஏதாவது வழி உண்டா?

---

கன்சோல்காரன்

கட்டாயம் உண்டு சார். தாழ்ந்த அதிர்வெண்ணை மெல்லிய பலகை தடுக்காது, சுவரின் கனமும் இடைவெளியும்தான் தடுக்கும். பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கரான சப்வூஃபரைத் தரையில் நேரடியாக வைக்காமல் அதிர்வு தாங்கியின் மேல் வைப்பது, கதவு இடுக்குகளை அடைப்பது, இரவு குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைப்பது என்று படிப்படியாகச் செய்யலாம். அரங்கத்துக்காரர் சம்மதித்தால் ஒரு மாலை அளந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

உள்ளே இருப்பவர்களின் காதும் இதில் இருக்கிறது. அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 85 டெசிபலில் 8 மணி நேரம் பாதுகாப்பு. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை அரங்கங்களுக்கென்றே தரநிலை வெளியிட்டது. 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது அதில் முக்கியமானது. மேடையில் தினமும் நிற்கிற பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

---

விழாவாசி

மாடிவீடு சார் கேட்டதில் சட்டமும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014இல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. மாற்றத்தைக் கொண்டுவருபவரே பொறுப்பு என்பதுதான் அதன் சாரம். ஏற்கெனவே இயங்கும் அரங்கத்துக்குப் பக்கத்தில் யாராவது புதிதாக அடுக்ககம் கட்டினால், ஒலி புகாதபடி கட்டும் செலவு கட்டுபவருடையது. புதிதாக அரங்கம் வந்தால் அந்தச் செலவு அரங்கத்துடையது. இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கையிலும் 2018இல் இது சேர்ந்தது. பெர்லின் அதே ஆண்டில் இசை விடுதிகளுக்கு ஒலித்தடுப்பு செய்துகொள்ள 10 லட்சம் யூரோ நிதி ஒதுக்கியது.

இசைத் துறையில் பேரம் பேசிப் பழகியவர் நகராட்சிக் கூட்டத்தில் போய் உட்கார்ந்து இதை எடுத்துச் சொன்னால் அதன் எடையே வேறு. பாடகர் போய்ப் பேசினால் கலைஞர் ஆசைப்படுகிறார் என்பார்கள். அண்ணா பேசினால் கணக்கோடு பேசுவார்.

---

தூரத்துச்சுரம்

எல்லோருக்கும் நன்றி. இரவு உட்கார்ந்து ஒவ்வொரு பதிவாகப் படித்தேன். விழாவைப் பற்றிய என் ஆசை போய்விடவில்லை. ஆனால் உரிமைக்கணக்கு சொன்னதைப் படித்ததும், நான் தினசரி செய்துகொண்டிருந்த வேலையையே கொடையாகக் கொடுக்கலாம் என்பது புலப்பட்டது. பெரிய பெயர்களைக் கூப்பிடும் வசதி இன்று இருக்கும், நாளை போகும். ஒப்பந்தம் படிக்கும் பழக்கம் என்னோடுதான் இருக்கும்.

ஒரு சந்தேகம். கலைஞர்களுக்கு என்ன தேவை என்று எனக்கே தெரியும் என்று எடுத்துக்கொள்ளலாமா? அவர்களில் ஒருவனாகத்தானே இத்தனை காலம் இருந்தேன்.

---

வயலின்_பின்வரிசை

எடுத்துக்கொள்ளாதீர்கள் சார். நியூ ஆர்லியன்ஸில் நடந்ததைச் சொல்கிறேன். 2005இல் கத்ரீனா புயலுக்குப் பின் ஊர் இசைக்கலைஞர்கள் பல திசைகளில் சிதறிவிட்டார்கள். அந்த ஊரில் வளர்ந்து பெயர் பெற்ற ஹேரி கானிக் ஜூனியரும் பிரான்ஃபோர்டு மார்சலிஸும், வீடு கட்டித்தரும் ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்போடு சேர்ந்து இசைக்கலைஞர் கிராமம் ஒன்றைத் திட்டமிட்டார்கள். 72 வீடுகள், நடுவில் ஒரு இசை மையம். மையம் 2011இல் திறந்தது, பிரான்ஃபோர்டின் தந்தையும் பல தலைமுறைக்கு ஆசிரியருமான எல்லிஸ் மார்சலிஸின் பெயரில்.

அவர்களைவிட அந்த ஊர்க் கலைஞர்களை அறிந்தவர் யார்? ஆனாலும் தொடக்கத்தில் விண்ணப்பித்த பல கலைஞர்களால் வீட்டுக்கடன் நிபந்தனையைத் தாண்ட முடியவில்லை. கையில் ரொக்கமாக வாங்கி வாழ்பவருக்கு வருமானச் சான்றும் கடன் வரலாறும் எங்கே இருக்கும்? திட்டம் நின்றுவிடவில்லை, கிராமம் எழுந்தது. நான் சொல்வது, வெற்றி பெற்றவருக்கும் வெற்றி பெறாதவருக்கும் நடுவில் இருக்கிற தூரம் பெரும்பாலும் இசையில் இருக்காது, இப்படிப்பட்ட காகிதத்தில் இருக்கும். போய் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

ஆஸ்டின் நகரத்தில் 2005இல் இசைக்கலைஞர்களுக்கான மருத்துவ உதவிக் கூட்டமைப்பு ஒன்று தொடங்கியது. இசை நகரம் என்று பெயர் வாங்கிய ஊரிலேயே கலைஞர்களுக்குத் தேவைப்பட்டது மருத்துவக் காப்பீடாக இருந்திருக்கிறது.

---

பள்ளிமணி

நான் பள்ளி ஆசிரியை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். பாடாத பிள்ளைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். என் வகுப்பில் பாட வராத, ஆனால் ஒவ்வொரு விழாவுக்கும் மைக் ஸ்டாண்டைச் சரிபார்த்து, வயரைச் சுருட்டி வைத்து, யார் எப்போது மேடையேற வேண்டும் என்று நோட்டில் எழுதிவைக்கிற பையன் இருக்கிறான். அதற்கும் வேலை உண்டு, அதற்கும் சம்பளம் உண்டு என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. நான் சொன்னாலும் நம்பமாட்டான். அந்த வேலை பார்த்தவர் வந்து சொல்ல வேண்டும்.

---

கன்சோல்காரன்

டீச்சர், அந்தப் பையனிடம் வயரை முழங்கையில் சுற்றாமல், ஒரு சுற்று மேலே ஒரு சுற்று உள்ளே என்று மாற்றி மாற்றிச் சுருட்டச் சொல்லுங்கள். உள்கம்பி முறுக்காமல் கேபிள் பல ஆண்டு உழைக்கும். எங்கள் வேலையில் முதல் நாள் கற்றுத்தருவது அதுதான். ஆன்லைனில் ஒரு மணி நேரம் அவனோடு பேச நான் தயார்.

---

தூரத்துச்சுரம்

இப்போதைக்கு எடுத்திருக்கும் முடிவு இது. நகர நூலகத்தில் வாரம் ஒரு மாலை ஒரு மேசை போட்டு உட்காரப் போகிறேன். யார் வேண்டுமானாலும் ஒப்பந்தத்தைக் கொண்டுவரலாம், சேர்ந்து படிப்போம். சட்ட ஆலோசனை தர எனக்குத் தகுதியில்லை என்பதை மேசையிலேயே எழுதிவைப்பேன். வழக்கறிஞரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவார்கள். ஸ்பிளிட் ஷீட்டைத் தமிழில் ஒரே பக்கமாக அடித்து வைக்கிறேன். உரிமைக்கணக்கு, வரைவு அனுப்பினால் சரிபார்த்துத் தருவீர்களா?

என்னோடு உட்கார உள்ளூரில் இரண்டு பேரைத் தேடுகிறேன். மேசையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நான் எழுந்துவிட வேண்டும், அது முதல் நாளிலேயே திட்டத்தில் இருக்கிறது. கூடத்தை அளக்க கன்சோல்காரன் வருவதாகத் தனிமடலில் சொல்லியிருக்கிறார். விழாவுக்கு இப்போது அவசரமில்லை.

---

உரிமைக்கணக்கு

தாராளமாக அனுப்புங்கள் அண்ணா. இரண்டு கட்டம் சேர்த்துவிடுங்கள்: மாதிரி ஒலி ஏதாவது வேறு பாட்டிலிருந்து எடுத்தார்களா என்பது ஒன்று, பின்னால் யாராவது மாற்றி எழுதினால் பங்கு மாறுமா என்பது இன்னொன்று. பெரும்பாலான சண்டை இந்த இரண்டில்தான் வருகிறது. மேசை எந்தக் கிழமை?

---

தூரத்துச்சுரம்

செவ்வாய் மாலை. வெள்ளி முதல் ஞாயிறு வரை வாசிக்கப் போய்விடுவார்கள், திங்கள் தூங்குவார்கள். வரைவை இன்றிரவே அனுப்புகிறேன்.